உதவி: காணொளிப் பயிற்சியில் அம்மா எப்போதும் 'வெளியேறு' பொத்தானையே அழுத்துகிறார்

சலாசி மகள்:
வணக்கம். ரெயூனியன் தீவில் சலாசியில் இருக்கிறோம். காரைக்காலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு (67) ஏப்ரலில் பக்கவாதம். அடைப்பு மூளையின் வலப்பக்கம், தளர்ந்தது இடது கையும் காலும். பேச்சு தெளிவாகவே இருக்கிறது. கினே (பிசியோதெரபிஸ்ட்) செந்த் ஆந்த்ரே ஊரில் இருக்கிறார். மழை பெய்தால் மலைப்பாதையில் பாறை விழுந்து வழி அடைபடும். அதனால் பயிற்சி வாரத்துக்கு ஒருநாள் நேரில், இரண்டு நாள் டேப்லெட்டில் காணொளி வழியாக.

திரையின் அடியில் இடது ஓரம் 'தெமாரே' என்று தொடங்கும் பொத்தான், வலது ஓரம் 'கித்தே' என்று மூடும் பொத்தான். நான் எல்லாம் ஏற்பாடு பண்ணிவிட்டு அடுப்படிக்குப் போய் வருவதற்குள் அம்மா மூடியிருப்பார். அறிக்கையில் 'நோயாளியே நிறுத்தினார்' என்று போகிறது. கினே போன வாரம், "உங்க அம்மாவுக்கு இஷ்டமில்லையோ?" என்று கேட்டுவிட்டார். அம்மா அன்று முழுக்க அழுதார். போதாததற்கு, இந்த மாதம் மூன்று ரந்தேவுக்கு (முன்பதிவு நேரத்துக்கு) நாங்கள் வரவில்லை என்றும் பதிவு. காத்திருந்தோமே!

எழுத்தைப் பெரிதாக்கினேன், செயலியை அழித்துத் திரும்பப் போட்டேன், கண்ணாடியும் மாற்றினேன். பலனில்லை.

நரம்பியல் பிசியோ, மொரீசியஸ்:
ஒரு கேள்வி அக்கா. சாப்பிடும்போது தட்டின் இடப்பாதியில் சோறு மிச்சமாகிறதா?

சலாசி மகள்:
ஆமாம்! பொரியல் பிடிக்கவில்லை என்று நினைத்து வேறு காய் வைத்துக்கொண்டிருந்தேன்.

நரம்பியல் பிசியோ, மொரீசியஸ்:
அப்படியானால் கண்ணில் கோளாறு தேட வேண்டாம். மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே கவனத்தில் இருக்காது. கண் பார்க்கும், மனம் அங்கே போகாது. அம்மாவுக்குத் தெரிகிற ஒரே பொத்தான் வலதில் இருக்கும் 'கித்தே'. அதைத்தான் அழுத்துகிறார். இஷ்டமில்லாமல் இல்லை. இதைக் கினேவிடம் இன்றே சொல்லுங்கள். நேரில் சோதித்துப் பார்க்கட்டும். பார்வைப்புலமே பாதி போயிருந்தாலும் இப்படித் தோன்றலாம். ஆனால் பார்வைப்புலம் போனவர்கள் பெரும்பாலும் தலையைத் திருப்பித் தேடுவார்கள்.

இப்போதைக்கு டேப்லெட்டைச் செங்குத்தாக வையுங்கள். அகலம் குறைந்தால் இரண்டு பொத்தானும் நெருங்கி வரும். நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். திரையின் இடது விளிம்பில் பளிச்சென்ற சிவப்பு நாடா ஒட்டி, "சிவப்பு தெரியும்வரை திரும்புங்க அம்மா" என்று சொல்லிப் பழக்குங்கள். வலப்பக்கம் வைப்பது தற்காலிகம்தான். நாளாக ஆக இடப்பக்கம் நகர்த்த வேண்டும், கினே சொல்லும் வேகத்தில். இன்னொன்று, நின்று செய்யும் பயிற்சியின்போது நீங்கள் பக்கத்தை விட்டு நகரவே கூடாது.

தன் உருவம் திரையில் கண்ணாடி போலத் தெரிந்தால் சிலருக்கு எந்தக் கை என்று குழம்பும். அமைப்பில் அணைக்க முடிந்தால் அணைத்துப் பாருங்கள்.

கணினிக்காரன், செந்த் தெனி:
வராத ரந்தேவு பற்றி: நினைவூட்டல் எந்த நேரத்தில் வருகிறது, பாரீசா நம்முடையதா?

சலாசி மகள்:
பாரீஸ் நேரம் தம்பி. இரண்டு மணி கூட்டிக்கொள்வோம்.

கணினிக்காரன், செந்த் தெனி:
அங்கேதான் சிக்கல். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றினார்கள், நாம் மாற்றுவதில்லை. இப்போது வித்தியாசம் 3 மணி. செய்தியில் 7 என்றால் இங்கே 10. நீங்கள் 9 மணிக்கே போய்க் காத்திருந்து அணைத்திருப்பீர்கள், 10 மணிக்குக் கினே உங்களைத் தேடியிருப்பார். மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி 2 ஆகும். உள்ளூர் நேரத்தைக் காட்டச் சொல்லிச் செயலி நிறுவனத்துக்கு எழுதுங்கள். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது நோயாளி வேலை இல்லை.

பொத்தான் விஷயத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு செயலி பயன்படுத்த எளிதா என்று சோதிக்க 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய 10 கேள்விப் படிவம் இருக்கிறது, 0 முதல் 100 வரை மதிப்பெண். பல இடங்களில் அதையே கொடுப்பார்கள். வீட்டில் அதை நிரப்புவது யார்? மகளோ மருமகளோ. ஆக, மதிப்பெண் உங்கள் விரலுக்குப் போகும், அம்மாவின் விரலுக்கு இல்லை. அதனால் உங்கள் கடிதத்தில், அம்மா தனியாகத் தொடங்கிய தடவை எத்தனை, முடியாத தடவை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

சலாசி மகள் (பத்து நாள் கழித்து):
கினே சோதித்தார். நீங்கள் சொன்னதேதான் பிசியோ. அவரே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அறிக்கையில் 'இஷ்டமில்லை' என்ற குறிப்பையும் நீக்கினார்.

சிவப்பு நாடா ஒட்டிய பிறகு 6 தடவையில் 4 தடவை அம்மா தானே தொடங்கினார். மீதி இரண்டில் கித்தே. 'வெளியேறவா?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூடும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் இல்லை. நேற்று தட்டைத் தானே திருப்பி வைத்து, பொரியல் முழுவதும் சாப்பிட்டார்.