சென்சூரியன் டேங்க்குக்கு நம்ம ஊர்ச் செம்மண் போடலாமா?

பென்னாகரம்_தம்பி:
அண்ணாக்களுக்கு வணக்கம். 1/35 அளவு சென்சூரியன் டேங்க் மாடல் ஒட்டி முடித்து, பச்சையும் அடித்தாகிவிட்டது. ஏர்பிரஷ் இல்லை, எல்லாம் கைப்பிரஷ்தான், அக்ரிலிக் பெயின்ட். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 பசந்தர் சண்டையில் நம்ம ராணுவ அதிகாரி அருண் கேத்ரபால் கடைசி வரை விட்டு இறங்காத 'பமகுஸ்தா' டேங்க்காக இதைச் செய்கிறேன். இனி புழுதிதான் பாக்கி. எங்கள் கொல்லைமேட்டுச் செம்மண்ணைக் காயவைத்துச் சலித்து வைத்திருக்கிறேன், ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துத் தடவி மேலே தூவினால் நிற்குமா? அப்புறம், பக்கத் தகடு மூடிவிடுகிற செயினுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டுமா?

ஓசூர்_பிரஷ்:
நிற்கும் தம்பி, ஆனால் போடாதே. அரை மில்லிமீட்டர் மணல் ஒன்று உன் டேங்க் மேல் உட்கார்ந்தால், 1/35 கணக்கில் அது 17 மில்லிமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட முக்கால் இஞ்சு ஜல்லி. எவ்வளவு சலித்தாலும் நாலு ஜல்லி தப்பி வந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் நிறம். பசந்தர் ராவியில் போய்ச் சேருகிற ஆறு, அந்தப் பக்கமெல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், வெளிறிய பழுப்பு. நம்ம மண் சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடால். 21 வயதில் அங்கே உயிரைக் கொடுத்து பரம்வீர் சக்ரா பெற்றவருடைய வண்டி அது, அந்த மண்தான் அதன் மேல் இருக்க வேண்டும்.

ஸ்டேஷனரி கடையில் சாஃப்ட் பேஸ்டல் (சாக்பீஸ் மாதிரி வண்ணக் குச்சி) கிடைக்கும், ஆயில் பேஸ்டல் வாங்கிவிடாதே. வெளிர் பழுப்பு, சாம்பல் இரண்டையும் பிளேடால் சுரண்டி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டு. மட்கார்டு மேல், பக்கத் தகட்டின் கீழ் விளிம்பு, பின்பக்கம், இங்கெல்லாம் வைத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் பிடித்துக்கொள்ளும்.

காவேரிப்பட்டினம்_டேங்க்:
அண்ணன் சொன்ன நிறம் சரி, ஆனால் ஐசோபுரோப்பைல் வேண்டாம். பல அக்ரிலிக் பெயின்ட்டை அதுவே இளக்கிவிடும், கைப்பிரஷில் அடித்த பச்சை புழுதியோடு சேர்ந்து எழும்பி வரும். முதலில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடு, பிறகு பேஸ்டல் பொடியை டர்பன்டைன் தொட்டு வை. ஈரமாக இருக்கும்போது இருட்டாகத் தெரியும், பயந்துபோய் மேலே மேலே அப்பாதே, காய்ந்தால்தான் உண்மையான நிறம் வரும். எல்லாம் முடிந்தபின் மறுபடி வார்னிஷ் அடித்தால் பாதிப் புழுதி காணாமல் போய்விடும்.

செயினுக்கு வா. தகட்டுக்குள் மறைகிற மேல்பகுதிக்கு ஒரு கோட் அடர்ந்த பழுப்பு போதும். முன்னாலும் பின்னாலும் தெரிகிற இடத்தில்தான் வேலை: பழுப்பு காய்ந்ததும் தரையில் படுகிற மேடுகளில் மட்டும் 6பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய், இரும்பு மினுங்கும். குழிகளில் பென்சில் படக்கூடாது, அங்கே மண். ஆட்கள் ஏறி இறங்குகிற மூடி விளிம்பிலும் லேசாக ஒரு இழுப்பு.

பென்னாகரம்_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணா. செம்மண் டப்பாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். நாளைக்கு தர்மபுரி போய் பேஸ்டலும் மேட் வார்னிஷும் வாங்கி வருகிறேன். டர்பன்டைன் ஹார்டுவேர் கடையில் விற்பது போதுமா?

காவேரிப்பட்டினம்_டேங்க்:
வேண்டாம், ஓவியப் பொருள் கடையில் சின்ன பாட்டில் கேள். ஹார்டுவேர் கடைச் சரக்கு சிலது காய்ந்தபின் எண்ணெய்க் கறை விடும்.