ஆன்சிபிளுக்கு வெப் பேனல் போடலாமா, கமாண்ட் லைனே போதுமா?

கேள்வி (பாயான் லெப்பாஸ்):
வணக்கம். பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் 40 லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிளை என் லேப்டாப்பின் கமாண்ட் லைனில்தான் (கட்டளையைத் தட்டெழுதி) ஓட்டுகிறேன். இரவு ஷிப்டில் இருக்கும் இருவருக்கு அது பழக்கமில்லை. தைப்பூசத்தன்று நான் தண்ணீர்மலையில் இருந்தபோது, ஒருவர் ஒரு சர்வரின் வெப் பேனலில் நேர சர்வரின் முகவரியை மாற்றியிருக்கிறார். பழைய முகவரி வேலை செய்யவில்லை, அதனால் மாற்றியது சரிதான். மறுநாள் பிளேபுக் (ஆன்சிபிள் செய்ய வேண்டியதை எழுதிய கோப்பு) ஓடியதும் பழைய முகவரியே திரும்பிவிட்டது. சில நாளில் கடிகாரம் பிசகி, லாக் எதுவும் மற்ற சர்வர்களோடு ஒத்துப்போகவில்லை. காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. மேலாளரோ எல்லாருக்கும் வெப் பேனல் கொடு என்கிறார். என்ன செய்யலாம்?

பதில் (பிரிக்ஃபீல்ட்ஸ்):
தம்பி, பேனலின் மேல் குற்றம் இல்லை. மாற்றுவதற்கு இரண்டு வழி இருந்தது, ஒன்று செய்தது மற்றதற்குத் தெரியவில்லை. காக்பிட், வெப்மின் போன்ற பேனல்கள் சர்வருக்குள்ளேயே கோப்பை மாற்றும். ஏ.டபிள்யூ.எக்ஸ், செமாஃபோர் என்ற ஆன்சிபிள் வெப் பேனல்கள் இரண்டும் கிட்டில் (Git, கோப்புகளையும் அவற்றின் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் இடம்) இருக்கும் உங்கள் பிளேபுக்கையே எடுத்து ஓட்டும். உங்களுக்கு வேண்டியது இந்த வகை. ஏ.டபிள்யூ.எக்ஸ் 18ஆம் பதிப்பிலிருந்து குபெர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் தனி அமைப்பு) கேட்கும். 40 சர்வருக்காக அதையும் பராமரிக்க வேண்டாம், செமாஃபோர் போதும்.

எனக்குப் பெரிதாகப் படுவது சாவி விஷயம். இரவு ஷிப்டுக்குக் கமாண்ட் லைன் கொடுத்தால் 40 சர்வருக்குமான எஸ்.எஸ்.எச் சாவியும் (சர்வருக்குள் நுழைய உதவும் ரகசியக் கோப்பு) அவர்கள் கைக்குப் போகும். வெப்பில் சாவி உள்ளேயே இருக்கும். யார், எப்போது ஓட்டினார் என்பதும் பதிவாகும்.

பதில் (ஜார்ஜ் டவுன்):
சரி, ஆனாலும் கமாண்ட் லைனை விட்டுவிடாதீர்கள். வெப் சர்வர் விழுந்தால் அதை எழுப்பவே அது வேண்டும். பேனல் போடும் முன் செக், டிஃப் ஆப்ஷன்களோடு எல்லா சர்வரிலும் பிளேபுக்கை ஒருமுறை ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல் வித்தியாசத்தை மட்டும் காட்டும். பிளேபுக்கின் ஷெல், கமாண்ட் டாஸ்க்குகள் (நேரடிக் கட்டளையை ஓட்டும் படிகள்) செக் முறையில் பொதுவாக ஓடாது. அவற்றை நம்பியிருக்கும் டாஸ்க் தவறினால் பதற வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இன்னும் 3 சர்வர்களில் கையால் மாற்றியது தெரியவந்தது. எல்லாவற்றையும் கிட்டில் ஏற்றிவிட்டு செமாஃபோர் போட்டேன். நேர சர்வர் முகவரியைக் கேட்டு வாங்கும் ஒரு பொத்தான் வைக்கலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்:
வேண்டாம் தம்பி. அங்கே தட்டும் முகவரி கிட்டுக்குப் போகாது, அடுத்த ஓட்டத்தில் பழையதே வந்து நிற்கும். முகவரியைக் கிட்டின் வெப் பக்கத்தில் அந்த ஒரு வரியில் மாற்றச் சொல்லுங்கள், அப்புறம் பொத்தான். எந்த மதிப்பையும் கேட்காத பொத்தானாக இருக்கட்டும்.

கேட்டவர்:
அப்படியே மாற்றிவிட்டேன். நேற்று இரவு ஷிப்டில் அவரே மாற்றி ஓட்டியிருக்கிறார். காலையில் டிஃப் பார்த்தேன், 40 சர்வரிலும் வித்தியாசம் எதுவும் இல்லை.