ஜ்லெட்: உறைமழையா, மழையுறையா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
நண்பர்களுக்கு வணக்கம். ஐரோப்பிய நாடான ஸ்லோவேனியாவின் காடுகள் பற்றிய பாடம் ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன். 2014 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் அங்கே பெய்த மழை தண்ணீராகவே இறங்கியது. கிளையைத் தொட்ட கணத்தில் கண்ணாடியாக இறுகியது. பாரம் தாங்காமல் மரங்கள் நடுவில் முறிந்தன. ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் சேதம். பாழான மரம் மட்டும் 90 லட்சம் கன மீட்டருக்கு மேல். போஸ்டோய்னா என்ற ஊர்ப் பக்கம் ரயில் பாதையின் மின்கம்பிகளும் அறுந்து விழுந்தன. கிளையில் படியும் அந்தப் பூச்சுக்கு அவர்களிடம் ஓரசைச் சொல் இருக்கிறது: ஜ்லெட். நம்மிடம்?

தமிழாசிரியர், மதுரை:
'உறைமழை' இருக்கும்போது தேடுவானேன்? உறைதல் என்றால் இறுகுதல், பால் உறைகிறது. உறை என்றால் மூடி, வாளுக்கு உறை. சங்கத் தமிழில் உறை என்பதற்கு மழைத்துளி என்ற பொருளும் உண்டு. துளி விழுகிறது, இறுகுகிறது, மூடுகிறது. மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது.

டொராண்டோவிலிருந்து:
ஐயா, 2013 டிசம்பரில் இந்த மழையில் நாங்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். காலையில் கதவைத் திறந்தால் மேப்பிள் கிளைகள் பளிங்குபோல் தொங்கின; காற்று அசையும்போது கலகலவென்று ஒலித்தன. எங்கள் வீட்டில் 'உறைபனி மழை' என்கிறோம். கேட்டவுடன் விளங்குகிறது. சங்கப் பொருள் யாருக்கு நினைவிருக்கும்?

தமிழாசிரியர், மதுரை:
விளங்குகிறது, ஆனால் தவறாக விளங்குகிறது. உதகையில் புல்மேல் படிவதுதான் உறைபனி. அங்கே மழையே இல்லை. இங்கே பெய்வது பனி அல்ல, தண்ணீர். பனி, மூடுபனி, உறைபனி, பனிக்கட்டி என்று எல்லாவற்றையும் பனியிலேயே கட்டிப் போட்டதால்தான் இந்த இடர்.

வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கோவை:
சொல்லைத் தீர்மானிக்குமுன் அது எதைக் கொன்றது என்று பாருங்கள். முறிந்து கிடந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களில் பட்டை வண்டு பெருகியது. பிறகு நின்ற மரங்களையும் தின்றது. அதன் அறிவியல் பெயர் இப்ஸ் டைபோகிராபஸ். டைபோகிராபஸ் என்றால் அச்சடிப்பவன் என்று பொருள். பட்டையை உரித்தால் தெரியும்: தாய்வண்டு நெடுக்காகக் குடைந்த பாதை, இரு பக்கமும் குறுக்கே புழுக்கள் குடைந்த கிளைப்பாதைகள். ஓலையில் எழுத்தாணி ஓடியதுபோல் இருக்கும். நான் 'எழுத்து வண்டு' என்றே அழைப்பேன். இயல்பாக வளராத இடங்களிலும் முந்தைய தலைமுறைகள் ஸ்புரூஸை நட்டதால் அதற்கு விருந்து கிடைத்தது. அங்கே காட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு தனியார் கையில், சிறு சிறு துண்டுகளாக. ஆனாலும் வனச்சேவை அலுவலர் குறியிடாமல் உரிமையாளர் தன் மரத்தையே வெட்ட முடியாது. ஒட்டுமொத்தமாக மொட்டையடிப்பதற்கும் தடை. அப்படிக் காத்த காட்டையே இந்தப் பூச்சு சாய்த்தது. ஆகவே பெயர் மழைக்கு வேண்டாம், பூச்சுக்கு வேண்டும்: 'மழையுறை'.

பள்ளி ஆசிரியை, திருச்சி:
இன்று ஏழாம் வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். 'மழையுறை' என்றதும் புத்தகப்பைக்குப் போடும் உறை என்றார்கள். 'உறைமழை' என்றதும் ஒரு சிறுமி எழுந்து, "பால் உறைவதுபோல் மழை உறைந்து விழுமா அம்மா?" என்று கேட்டாள். அது ஆலங்கட்டி அல்லவா? உறைமழை வினைத்தொகை. உறைந்த மழை, உறைகின்ற மழை, உறையும் மழை மூன்றும் அதில் அடங்கும். நமக்கு வேண்டியது மூன்றாவது மட்டும்.

தமிழாசிரியர், மதுரை:
அம்மா, ஊறுகாயும் வினைத்தொகைதான். அதில் காலம் தெரியவில்லை என்று யாரும் சாப்பிடாமல் இருப்பதில்லையே. பழகினால் பொருள் நிலைக்கும்.

பள்ளி ஆசிரியை, திருச்சி:
ஊறுகாய் வாயில் இருக்கிறது ஐயா. அந்த மழையை எங்கள் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
வியாழன் இரவாகிவிட்டது. நான்கு பேர் உறைமழை, இருவர் உறைபனி மழை, கோவை ஐயா மட்டும் மழையுறை. பாடத்தில் 'உறைமழை' என்றே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் "தண்ணீராக விழுந்து, தொட்ட இடத்தில் உறையும் மழை" என்று சேர்த்திருக்கிறேன். எழுத்து வண்டைப் பட விளக்கத்தில் எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்றவர், கோவை:
வண்டுக்கு நன்றி. ஆனால் ஜ்லெட் என்பது மழை இல்லை, மரத்தின்மேல் இருப்பது. அடுத்த பதிப்பில் மறுபடியும் எழுதுவேன்.