மறு: நீர்மூழ்கி மாதிரி – பக்கத் துளைகளுக்கு 'வடிதுளை' போதுமா?

வணக்கம். மாதிரிக் கப்பல் கட்டுகிற நம் குழுவின் சொல் தேடலில் வந்த கருத்து இது:

> நீர்மூழ்கியின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் துளைகளுக்கு 'வடிதுளை' என்றே வைத்துவிடலாம். எளிது, எல்லோருக்கும் புரியும்.

எளிதுதான் ஐயா. ஆனால் பாதி வேலைக்குத்தான் பெயர் வைத்திருக்கிறீர்கள். கப்பல் மேலே வரும்போது தண்ணீர் வடிகிறது, சரி. மூழ்கும்போது அதே துளை வழியாகத்தானே உள்ளே போகிறது? அப்போது 'புகுதுளை' என்று பெயரை மாற்றிக்கொள்வதா?

மூன்று வாரமாக இந்தத் துளைகளோடுதான் எனக்குக் குடித்தனம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கி, ஏழாம் வகை 'சி', 72இல் ஒரு பங்கு அளவிடை. அசல் 67 மீற்றர். மாதிரி 93 சென்றிமீற்றர். வெளிநாட்டு மைத்துனர் தூக்கி வந்து கொடுத்தார். இலங்கை மலைநாட்டு ஹட்டனில், கடலைக் கண்ணால் காணாத வீட்டில் மேசை முழுக்கக் கப்பல், சாப்பாடு மடியில்.

பெட்டியில் வந்த பிளாஸ்டிக்கில் துளைகள் திறந்திருக்கவில்லை. பள்ளமாக மட்டும் அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றிலும் 0.8 மில்லிமீற்றர் ஊசியைக் கையால் சுழற்றி மூன்று குத்து, பிறகு கத்தி நுனியால் இடைச்சுவரை அறுத்து, சின்ன அரத்தால் மூலையைத் தேய்க்க வேண்டும். இத்தோடு முடியாது. பிளாஸ்டிக்கின் தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர். 72ஆல் பெருக்கிப் பாருங்கள்: 108 மில்லிமீற்றர். கோட்டை மதில்! உண்மையான கப்பலின் புறவோடு, அதாவது வெளி உறை, மெல்லிய தகடு. ஆகவே உட்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டித் துளையின் விளிம்பை மெலிய வைக்க வேண்டும். பதினேழாவதில் கத்தி வழுக்கி இரண்டு துளை ஒன்றாகிவிட்டது. பூசி அடைத்தேன், இந்த மழைக்காலத்துக் குளிரில் பூச்சு காய இரண்டு நாள்.

(போன மாதம் 'உள்ளோடு, புறவோடு' என்று முடிவு செய்தது எவ்வளவு நல்லது. 'வெளியோடு' என்று வைத்திருந்தால் யாரையோ துரத்துவது மாதிரி இருந்திருக்கும். உள்ளோட்டின் ஆங்கிலப் பெயரில் வரும் 'பிரஷர்' என்பதற்கு அழுத்தமா அமுக்கமா என்று நீங்களும் நாங்களும் சண்டை பிடிக்கவும் தேவையில்லாமல் போயிற்று.)

புறவோடு ஏன் மெல்லிசாக இருக்கலாம் என்பதில்தான் சொல்லும் இருக்கிறது. கடலின் அமுக்கத்தைத் தாங்குவது உள்ளோடு. அதற்கும் புறவோட்டுக்கும் இடையிலுள்ள வெளியில், துளை வழியாகத் தண்ணீர் தானாகப் போய் நிரம்பிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அமுக்கம், தகட்டுக்குப் பாரமில்லை. எங்கள் பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் மண்சரிவுக்குக் கட்டிய சுவரிலும் இதே கணக்குத்தான். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற அடியில் வரிசையாகக் குழாய் வைத்திருந்தார்கள். சேறு அடைத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு மழைக்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது.

வந்த மற்றச் சொற்கள்:

'ஓட்டை' வேண்டவே வேண்டாம். ஓட்டை என்றாலே கேடு. கப்பலில் ஓட்டை என்று எழுதினால் வாசிக்கிறவர் நீந்தத் தயாராவார்.

'மதகு' அழகான சொல், ஆனால் மதகுக்குக் கதவு உண்டு. இந்தத் துளைக்குக் கதவே கிடையாது. மதகை, மூழ்கவும் மிதக்கவும் தண்ணீர் நிரப்பி வெளியேற்றும் மிதப்புத் தொட்டியின் அடைப்பு வாய்களுக்கு வைத்துக்கொள்வோம்.

'கான்துளை' நான் சொன்னதுதான், நானே வாபஸ் வாங்குகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கான் என்றால் வடிகால், கான் வெட்டாத மலையே இல்லை. ஆனால் மற்ற ஊர்த் தமிழருக்குக் கான் என்றால் காடு.

என் முன்மொழிவு: நீர்க்கண்.

ஊற்றுக்கண், சல்லடைக்கண், வலைக்கண் எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மேட்டூரில் பதினாறு கண் மதகு. தெமோதரையில் நாங்கள் ஒன்பது வளைவு என்கிற பாலத்தைக்கூட அந்த ஊர்க்காரர் பார்த்தால் ஒன்பது கண் பாலம் என்பார். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று இந்தச் சொல் கேட்பதில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. கப்பல் கட்டிய தளத்துக்குத் தளம் இந்தத் துளைகளின் அமைப்பு வேறு. பழைய படத்தைப் பார்த்து எந்தத் தளத்துக் கப்பல் என்று ஊகிக்க இதுவும் ஒரு தடயம். 'நீர்க்கண் வரிசை' என்றால் நாக்கு தடுக்கவில்லை. 'பக்கவாட்டு வடிதுளை அமைப்பு வரிசை' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

— ஹட்டனிலிருந்து

---

> நீர்மூழ்கிக்குக் கண் என்றால் பெரிஸ்கோப் அல்லவா? விலாவெல்லாம் கண் என்றால் குழப்பம் வராதா?

வராது அண்ணா. மாரியம்மனுக்கு நேர்ந்து எடுக்கிற ஆயிரங்கண் பானையைப் பார்த்து, இத்தனை கண்ணாலும் பானை என்ன பார்க்கிறது என்று யாராவது கேட்டார்களா?

> சரி, சொல் நல்லது. ஆனால் அச்சுப் பள்ளத்தைத் துளையாக்கும் வேலைக்கும் ஒரு வினை வேண்டும். 'துளையிடல்' எல்லாவற்றுக்கும் பொது.

அதற்கும் சொல் கையிலேயே இருக்கிறது. சிற்பி சிலையை முடித்துக் கடைசியாக என்ன செய்வார்? கண் திறப்பார். அதுவரை அங்கே இருப்பது கண்ணின் கோடுதான். பெட்டியில் வருகிற கப்பலும் அப்படித்தான். 'கண் திறந்த மாதிரி', 'கண் திறவாத மாதிரி'. 350இல் ஒரு பங்கு அளவிடையில் முழுக் கப்பலே 19 சென்றிமீற்றர்தான். அங்கே பள்ளத்தில் கறுப்பு மை தீட்டிவிட்டு, 'கண் எழுதியது' என்று குறித்துவிடலாம்.

ஜெர்மனியில் லாபோ கடற்கரையில் 1972 முதல் அருங்காட்சியகமாக நிற்கிற யூ-995 நீர்மூழ்கியை நேரில் பார்த்தவர் இங்கே யாரும் உண்டா? வலப்பக்கப் படங்கள் இருந்தால் அனுப்புங்கள். எனக்கு இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் இன்னும் கண் திறக்கவில்லை.