“போர் அடிக்குது” என்கிற சின்னப் பிள்ளைக்கு எந்த கம்ப்யூட்டர் பாடத்திட்டம்? – அமெரிக்க ஹோம்ஸ்கூல் பெற்றோர் அனுபவப் பகிர்வு

இழை தொடங்கியவர்
ஹோம்ஸ்கூலில், அதாவது பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கிற, 6 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளை. கணக்கை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு நாற்காலியில் நெளிகிற ரகம். பயன்படுத்திப் பார்த்தவர்கள் எதை வாங்கலாம், எது எங்கே சொதப்பும் என்று எழுதுங்கள். குடும்பக் கதை வேண்டாம், விவரம் போதும்.

கணக்குப்பிள்ளை
வாங்கும் முன் எந்த வகை போர் என்று பார்த்துவிடுங்கள். பாடம் எளிதாக இருந்தாலும் பிள்ளை “போர்” என்றுதான் சொல்லும், புரியாவிட்டாலும் அதையேதான் சொல்லும். முதல் வகை அவசரத்தில் கூட்டல் பிழை விடும். இரண்டாம் வகைக்குக் கணக்கைத் திறந்ததுமே தாகம் எடுக்கும்.

சோதிக்கக் காசு தேவையில்லை. கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தில் பெற்றோர் கணக்கு தொடங்கி, அதன் கீழ் பிள்ளையைச் சேருங்கள். இப்போது படிக்கிற கிரேடின் (வகுப்பின்) முழுப் பாடத்துக்குமான தேர்வு, ‘கோர்ஸ் சேலஞ்ச்’, 30 கேள்விகள். கையில் ரஃப் பேப்பர் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு கொடுக்காதீர்கள். அநேகமாக எல்லாம் சரி என்றால் அந்த கிரேடை விட்டுவிட்டு மேலே போகலாம். தவறுகள் பின்னம், நேரம் பார்ப்பது என்று ஓரிரு இடத்தில் குவிந்தால் அந்த யூனிட்டுகளை மட்டும் எடுங்கள். தவறான விடைக்கு ஏற்கெனவே வாங்கிய நிலை கீழே இறங்கலாம். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அன்றைக்கு அழுகைதான்.

மூலை மேசை
கணக்கில் வேகமான பிள்ளைக்கு பீஸ்ட் அகாடமி என்ற கணக்குப் பாடத்திட்டம். ஒரு லெவலுக்கு 12 அத்தியாயம், பாடமே சித்திரக்கதை. லெவல் எண்ணை கிரேடு எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் பலர் சறுக்கும் இடம். லெவல் 3 வழக்கமான மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைவிடக் கடினம். அவர்கள் தளத்திலேயே இலவச நுழைவுத் தேர்வு இருக்கிறது. முடிவு இரண்டு லெவலுக்கு நடுவில் வந்தால் கீழ் லெவலையே எடுங்கள்.

எல்லாமே உடனே சரியாக வந்து பழகிய பிள்ளைக்கு விடை கிடைக்காத முதல் புதிர் பெரிய அதிர்ச்சி. ஒரு புதிருக்கு 20 நிமிடம் என்று வரம்பு வையுங்கள். வராவிட்டால் மூடிவிட்டு மறுநாள் திறக்கலாம். கம்ப்யூட்டரில் தவறு உடனே தெரிந்துவிடுவதால் ஊகித்துத் தட்டுகிற பழக்கமும் வரும். விடையைக் கட்டம் போட்ட காகிதத்தில் எழுதிய பிறகுதான் மவுஸ்.

தொகுப்புக்கு எதிரி
டைம்ஃபோர்லேர்னிங் மாதிரி எல்லாப் பாடமும் ஒரே சந்தாவில் வருகிற தொகுப்பு வேலைக்குப் போகிற பெற்றோருக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வகையில் எதை எடுத்தாலும் டெமோவில் மூன்று விஷயம் பாருங்கள். கணக்குக்கும் மொழிக்கும் தனித்தனி கிரேடு வைக்க முடிகிறதா? தெரிந்த பாடத்தைத் தாண்டி நேரே தேர்வுக்குப் போகலாமா? அனிமேஷன் ஓடி முடியும்வரை ‘அடுத்து’ பொத்தான் வராமல் காக்க வைக்கிறதா? காக்க வைத்தால் மூன்று நிமிடப் பாடம் கால் மணி நேரமாகும். பள்ளியில் அடித்த அதே போர் வீட்டுக்கும் வந்துவிடும், கூடவே மாதச் சந்தா வேறு.

பரிசாகத் திரையில் காசு, பதக்கம், செல்லப்பிராணி தருகிற மென்பொருளில் இன்னொரு சிக்கல். காசு சேர்க்கப் பிள்ளை எளிய பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்யும். ரிப்போர்ட்டில் 100 விழுக்காடு மின்னும், புதிதாக ஒன்றும் ஏறியிருக்காது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு வாரத்தில் எத்தனை புதிய தலைப்பு முடிந்தது என்று எண்ணுங்கள்.

மூலை மேசை
எழுத்துப் பயிற்சியை மட்டும் மென்பொருளிடம் விடாதீர்கள். ஏழு வயது விரல் கீபோர்டில் எழுத்தைத் தேடி முடிப்பதற்குள் யோசனை பறந்துவிடும். பிள்ளை வாயால் சொல்லட்டும், பெரியவர் எழுதலாம். அதில் இரண்டு வரியைப் பிள்ளை நோட்டில் பார்த்து எழுதினால் போதும்.

மிச்ச நேரத்துக்கு ஸ்க்ராட்ச், பிள்ளைகள் தாங்களே விளையாட்டு, கதை புரோகிராம் செய்கிற தளம், இலவசம். 8 வயதுக்கு மேல் அது, 5 முதல் 7 வரை டேப்லட்டில் ஸ்க்ராட்ச்ஜூனியர். வாய்ப்பாடு ஒப்பிக்க அலுத்த பிள்ளை, அதே வாய்ப்பாட்டைக் கேள்வி கேட்கும் விளையாட்டாக ஸ்க்ராட்ச்சில் செய்யும்.

நியூயார்க் பக்கம்
நியூயார்க் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு: 1 முதல் 6 வரையிலான கிரேடுகளுக்கு வருடத்துக்கு 900 மணி நேரம் பாடம், காலாண்டு அறிக்கை நான்கு. ஹோம்ஸ்கூல் செய்யப்போகிறோம் என்ற கடிதம் ஜூலை 1க்குள், நடு ஆண்டில் தொடங்கினால் 14 நாளுக்குள். கட்டாயப் பாடப் பட்டியலில் இசை, ஓவியம், உடற்கல்வி, சுகாதாரம் எல்லாம் உண்டு. ஆகவே எந்த ஒரு மென்பொருளும் முழுப் பட்டியலையும் அடைக்காது. பக்கத்து நியூஜெர்சியில் இப்படி அறிவிக்கும் கட்டாயமே கிடையாது. மாநிலம் மாறினால் எல்லாம் மாறும்.

எழுதிக் கொடுக்கிற பாடத்திட்டத்தில் ஒரே மென்பொருளின் பெயரை மட்டும் எழுதாமல் “நூலகப் புத்தகங்கள், பிற பயிற்சிகள்” என்றும் சேருங்கள், பிடிக்காமல் மாற்றினால் அறிக்கையில் விளக்குவது சுலபம். லாகின் நேரத்தை அப்படியே மணிக்கணக்காகக் காட்டாதீர்கள். பிள்ளை தோசை சாப்பிடப் போன நேரமும் அதில் ஓடியிருக்கும். தேதி, பாடம், நிமிடம் என்று மூன்று கட்டம் போட்ட ஒரு தாளைத் தினமும் நிரப்பினால் காலாண்டு அறிக்கை ஒரு மாலை வேலைதான்.