ஒட்டுத்துணி குரூப்: ஞாயிறு நிலவரம்

மல்லிகா மைனி, 9:40
ஒட்டுப்போர்வையில இந்த வார வேலைய போடுங்க எல்லாரும். படத்தோட சேத்து அளவும் வேணும். படத்துல கோணல் தெரியாது, டேப்பு வச்சாத்தான் தெரியும்.

வள்ளி, 9:52
(படம்)
ஒன்பது சதுரம் சேத்துத் தைக்கித ஒன்பது கட்டம் 24 பிளாக் ஆயிட்டு மைனி. இன்னும் 30 இருக்கு. 3½ இஞ்ச் சதுரம் வெட்டித் தைச்சா 9½ வரணும்லா? 9¼ தான் நிக்கி. எல்லாமே 9¼.

இசக்கி அண்ணாச்சி, 9:58
வெட்டு சரிதான், தையல் கூடுதலா புடிக்கி. கால் இஞ்சுன்னா 2 நூல், ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு. அதுல அரை நூல் கூடிட்டுன்னா ரெண்டு துணியிலயும் அரை அரையா, தையலுக்கு ஒரு நூல் போயிரும். ஒரு வரிசைக்கு ரெண்டு தையல், ஆக 2 நூல். உனக்குக் குறையுத கால் இஞ்சு அதுதான்.

வள்ளி, 10:01
துணிய அழுத்துத மெஷின் காலு, அந்தப் புட்டோட வலது ஓரத்த வச்சுத்தானே அண்ணாச்சி தைக்கேன்?

இசக்கி அண்ணாச்சி, 10:07
அந்த ஓரத்த நம்பாத தங்கச்சி. ஊசியில இருந்து புட்டு ஓரம் எவ்வளவுங்கது மெஷினுக்கு மெஷின் மாறும். 1½ இஞ்ச் அகலத்துல மூணு பட்டி வெட்டி, ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைச்சு, இஸ்திரி போட்டு நடுப்பட்டிய அளந்து பாரு. சரியா 1 இஞ்ச் இருக்கணும். குறைஞ்சா தையல் உள்ள ஏறுதுன்னு அர்த்தம். அப்புறம் ஊசிய இறக்கி வச்சு அளந்து, மெஷின் தட்டுல மாஸ்கிங் டேப்ப அஞ்சாறு மடிப்பு மொத்தமா ஒட்டிரு. துணி அதுல முட்டிக்கிட்டே நேரா ஓடும். ஒட்டும்போது 2 நூலுக்கு ஒரு மயிரிழை குறைச்சே ஒட்டு. தையல மடக்கி இஸ்திரி போடும்போது அந்த மடிப்பும் கொஞ்சம் துணி தின்னும்.

மல்லிகா மைனி, 10:12
அண்ணாச்சி சொன்னத அடுத்த போர்வைக்கு வச்சுக்க வள்ளி. இதுல நடுவுல திருத்தாத. 24-ம் ஒண்ணுபோல 9¼ இருக்குதுன்னா பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல. மீதி 30-ஐயும் இதே தையல்ல தைச்சிரு. பாதி 9¼, பாதி 9½ன்னு ஆச்சுன்னாத்தான் எந்த மூலையும் சேராது. 6 பிளாக் குறுக்கே 54 இஞ்ச் வர வேண்டியது, இதே தையல்ல சேத்தா 51¾ வரும். குறையுதத பார்டர்ல ஏத்திக்கலாம். ஆனா பார்டர் துணிய இப்பவே வெட்டிராத.

செண்பகம் அத்தை, 10:15
வள்ளி, உன் படத்துல மூலை ஒண்ணு தள்ளி நிக்குதே. இஸ்திரி எப்படிப் போட்ட?

வள்ளி, 10:16
எல்லாத் தையலையும் ஒரே பக்கமா சாய்ச்சுப் போட்டேன் அத்தை

செண்பகம் அத்தை, 10:21
அதான். முதல் வரிசையும் மூணாவது வரிசையும் வெளிப்பக்கம் சாயணும், நடு வரிசை உள்பக்கம் சாயணும். அப்பத்தான் வரிசைய சேக்கும்போது ரெண்டு தையல் மேடும் எதிர் எதிரா முட்டி நிக்கும், கையால தடவினாலே தெரியும். ஒரே பக்கம் சாஞ்சா மேடு மேல மேடு ஏறி வழுக்கிரும். இன்னொண்ணு, பெட்டிய இழுத்து இழுத்துத் தேய்க்காத. வச்சு எடு, வச்சு எடு. சின்னச் சதுரம் இழுத்தா கோணிரும்.

பாத்திமா அக்கா, 10:30
(படம்)
மேலப்பாளையத்துல வாங்கின அடர் சிவப்புக் காட்டன் 2 மீட்டர். வெள்ளையோட சேக்கணும். கல்லுப்புல ஒரு ராத்திரி ஊறப்போட்டா சாயம் நின்னுருமா மல்லிகா?

மல்லிகா மைனி, 10:38
நிக்காதுக்கா. உப்பு சாயத்தொட்டியில போடுதது, நூலுக்குள்ள சாயம் ஏறுததுக்கு. ஏறி முடிஞ்ச துணியில ஒட்டிக்கிட்டு நிக்கித மிச்சச் சாயத்த அது கட்டாது. வினிகரும் அப்படித்தான். மிச்சத்த வெளியேத்துததுதான் ஒரே வழி. கை பொறுக்குத சூட்டுக்கு மேல வெந்நீர், கொஞ்சம் சோப்புத்தூள், தனி வாளி. தண்ணி வெளுக்குத வரைக்கும் மாத்தி மாத்தி அலசுங்க. அப்புறம் அந்தச் சிவப்புத் துணியில ஈரத் துண்டு ஒண்ண வெள்ளைத் துணி மேல வச்சு இஸ்திரிப் பெட்டியால அழுத்தி எடுங்க. வெள்ளையில இளஞ்சிவப்பு ஏறினா இன்னும் போகலன்னு அர்த்தம். நாலு தண்ணிக்கு அப்புறமும் ஏறுச்சுன்னா அந்தத் துணி வெள்ளைக்கு ஆகாது, கருநீலம் மெரூனோட வச்சுக்கங்க.

மல்லிகா மைனி, 10:40
அலசும்போது 2 மீட்டர்ல 6-ல இருந்து 10 சென்டிமீட்டர் வரை சுருங்கும், வெட்டுததுக்கு முன்னாலயே சுருங்குதது நல்லதுதான். ஒரு போர்வைக்கு எடுத்த துணி அத்தனையும் நனைக்கணும், இல்ல ஒண்ணையும் நனைக்கக் கூடாது. பாதி நனைச்சு பாதி நனைக்காம தைச்சா முதல் துவைப்புலயே சுருக்கம் விழும்.

செண்பகம் அத்தை, 10:42
போர் தண்ணியா இருந்தா கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆத்துத் தண்ணிக் குழாய்ல புடிங்க. உப்புத் தண்ணியில சோப்பு முழுசா போகாது, துணி மங்கிரும்.

கோமு அக்கா, 10:55
(படம்)
நான் போர்வையோட மேல்துணி முடிச்சுட்டேன். சங்கரன்கோவில் காட்டன் சேலைத் துண்டுதான் எல்லாம். நடு எல்லாம் தட்டையா இருக்கு, பார்டர் போட்டதும் ஓரம் அப்பளம் பொரிச்ச மாதிரி அலையுது. இஸ்திரிக்கும் அடங்கல.

இசக்கி அண்ணாச்சி, 10:58
பார்டர எப்படி அளந்தீங்க?

கோமு அக்கா, 10:59
அளக்கல அண்ணாச்சி. நீளமா ஒரு பட்டி வச்சுத் தைச்சுக்கிட்டே போய் மிச்சத்த வெட்டிட்டேன்.

இசக்கி அண்ணாச்சி, 11:06
நோய் அதுலதான் இருக்கு. மெஷின் பல்லு கீழ்த்துணிய வேகமா இழுக்கும், மேல புட்டு அழுத்திப் புடிக்கும். பார்டர் கீழ கிடந்தா இழுத்து இழுத்து ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் கூடுதலாவே ஏறிரும். அதோட, வெட்டின ஓரம் எப்பவும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். ஓரத்த அளந்தா அந்தத் தப்பையும் சேத்து அளந்ததா ஆயிரும். அதனால ஓரத்த அளக்காம நடுவுல அளக்கணும். மேல்துணிய தரையில விரிச்சு, நெடுக்க மூணு இடத்துல, நடுவுல ஒண்ணு, கால்வாசியில ஒண்ணு, முக்கால்வாசியில ஒண்ணு அளந்து சராசரி எடுங்க. அந்த நீளத்துக்கு ரெண்டு பட்டி வெட்டுங்க, ரெண்டும் ஒரே நீளம். பட்டியிலயும் துணியிலயும் நடு, கால், முக்கால் அடையாளம் வச்சு அடையாளத்தோட அடையாளம் ஊக்கு குத்திட்டுத் தைங்க. கொஞ்சம் தளர்ச்சியா இருக்குத பக்கத்த கீழ போடுங்க, பல்லு அத உள்ள எடுத்துக்கிடும். பக்கத்து ரெண்டையும் முடிச்சு இஸ்திரி போட்டு, அப்புறம் குறுக்க அளந்து மேல் கீழ் பட்டியத் தைங்க.

கோமு அக்கா, 11:08
அப்ப நாலையும் பிரிக்கணுமா?

மல்லிகா மைனி, 11:10
பிரிக்கத்தான் வேணும்க்கா. அடுக்கு எல்லாத்தையும் சேத்து ஓட்டுத குயில்ட் தையல்ல அமுங்கிரும்னு விட்டா அமுங்காது, மடிஞ்சு மடிப்போடயே தையல் விழும். சேலைப் பட்டிய நெடுக்கு இழையில வெட்டினீங்களா, குறுக்கு இழையிலயா? குறுக்கு இழை நீண்டு கொடுக்கும். பார்டருக்கு எப்பவும் சேலையோட நீளவாக்குதான். ஓரக்கரைய அரை இஞ்ச் அளவுக்கு வெட்டி எறிஞ்சிருங்க. அங்க நெசவு இறுக்கம், துவைச்சா அது ஒரு மாதிரி சுருங்கும், மீதி ஒரு மாதிரி.

கோமு அக்கா, 11:11
சேலை நீளவாக்குதான். கரை மட்டும் ஒரு பக்கம் இருக்கு, எடுத்திருதேன்.

வள்ளி, 11:20
மைனி, நடுப்பஞ்சு எத வாங்க? கடையில 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) பாலியஸ்டர் ஷீட் இருக்குங்காவ. இலவம்பஞ்சும் வீட்டுல இருக்கு.

மல்லிகா மைனி, 11:31
இலவம்பஞ்சு தலையணையோட நிக்கட்டும். இழையா புடிச்சிக்காது, ஒரு தடவ நனைஞ்சா உருண்டை கட்டி மூலையில சேந்துரும். பாலியஸ்டர் ஷீட் சுருங்காது, கனமில்ல, சீக்கிரம் காயும். ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு அது போர்த்துத போர்வை இல்ல, குத்தாலம் போறப்ப வேணா எடுத்துட்டுப் போகலாம். அதுலயும் இஸ்திரிப் பெட்டிய மேல வச்சு அழுத்தினா உள்ள பஞ்சு தட்டையாயிரும், எழும்பவே எழும்பாது.

வீட்டுக்குன்னா நடுவுல பழைய காட்டன் சேலை ரெண்டு மடிப்பு போதும். மேல்துணி, அடித்துணி சேத்து நாலு அடுக்கு. கஞ்சி போட்ட சேலைன்னா கஞ்சி முழுசா போற வரைக்கும் அலசிரணும், இல்லேன்னா ராமபாணப் பூச்சி வந்து அரிக்கும். சரிகைக் கரை, பாலியஸ்டர் கலந்த சேலை உள்ள வரக்கூடாது. சந்தேகம்னா ஓரத்து நூல் ஒண்ண உருவி எரிச்சுப் பாரு. காட்டன்னா காகிதம் எரிஞ்ச வாசம், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் உருகி கெட்டிக் குண்டா நிக்கும்.

கோமு அக்கா, 11:33
அடுக்கு நகராம எப்படி விரிக்குதீங்க? எனக்கு எப்பவும் அடித்துணியில சுருக்கம் விழுது.

மல்லிகா மைனி, 11:44
அடித்துணி தொளதொளன்னு கிடந்ததால. மொசைக் தரையில அடித்துணிய உள்பக்கம் மேல பாக்குத மாதிரி விரிச்சு, முதல்ல நாலு பக்கத்து நடுவுல டேப் ஒட்டுங்க, பிறகு மூலைக்குப் போங்க. சுருக்கம் இல்லாம இருக்கணும், ஆனா முறுக்கா இழுத்துக் கட்டக் கூடாது. இழுத்துக் கட்டினா டேப்ப எடுத்ததும் திரும்பச் சுருங்கி மேல்துணி பொங்கிரும். மேல நடு அடுக்கு, அதுக்கு மேல மேல்துணி, ஒவ்வொண்ணையும் நடுவுல இருந்து வெளிய தடவி விடுங்க. ஊக்கு நடுவுல இருந்து 4 இஞ்சுக்கு ஒண்ணு. 60 இஞ்சுக்கு 90 இஞ்ச் போர்வைக்கு 300-க்கு மேல ஆகும். அவ்வளவு ஊக்கு இல்லேன்னா வெள்ளை நூல்ல 2 இஞ்ச் நீளத் தையலா 4 இஞ்சுக்கு ஒரு வரிசை ஓட்டிருங்க, பிறகு உருவிரலாம். அதுக்குக் கலர் நூல் வேண்டாம், சாயம் ஒட்டும்.

இசக்கி அண்ணாச்சி, 11:50
நாலு அடுக்குக்கு 16-ம் நம்பர் ஊசி, புதுசு. துண்டு சேக்க 14 போதும். சேக்கும்போது இஞ்சுக்கு 10 தையல், குயில்ட் ஓட்டும்போது 8. மெஷின் தலைக்கு மேல புட்டு அழுத்துத ஸ்குரூ இருக்கும்லா, அத ஒண்ணு ரெண்டு சுத்து தளர்த்துங்க, அடுக்கு தள்ளாது. பாபின்ல இருக்குத அடிநூல் மேல எட்டிப் பாத்தா மேல்நூல் டென்ஷன் இறுக்கம். அடியில வளையம் வளையமா தொங்கினா மேல்நூல் சரியா கோக்கல, இல்ல டென்ஷன் தளர்ச்சி. நிறையப் பேரு பாபின்ல குத்தம் சொல்லி அத முறுக்குதாங்க, அங்க போகாதீங்க.

செண்பகம் அத்தை, 12:05
(படம்)
என்னோடது கை வேலை. கர்நாடகாவுல உத்தர கன்னடத்துக் காட்டுப் பக்கம் சித்தி இன மக்கள் தைக்கித கவந்தி முறை. 36-க்கு 48, பேத்திக்கு. நாலு சுத்து முடிஞ்சிருக்கு.

வள்ளி, 12:06
பார்டரும் ஓரத்த மூடித் தைக்கித பைண்டிங்கும் இல்லையா அத்தை?

செண்பகம் அத்தை, 12:17
ரெண்டுமே வேண்டாம். அடியில ஒரு சேலை, ஓரத்த உள்ள மடக்கிக்கணும். மூலையில இருந்து ஆரம்பிச்சு ஓரத்தோட சுத்திக்கிட்டே நடுவப் பாத்து வரணும். ஒட்டுத்துணியோட விளிம்ப 2 நூல் உள்ள மடிச்சு, பக்கத்துத் துண்டு மேல ஏத்தி, ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே போகணும். ஒட்டும் குயில்டும் ஒரே தையல்ல முடியும். முதல்லயே எல்லாத் துண்டையும் வெட்டி வைக்காத, அங்க மிச்சம் இருக்குத இடத்தப் பாத்து அடுத்த துண்டு வெட்டு. வரிசைக்கு வரிசை அரை இஞ்ச். கடைசியா நாலு மூலையிலயும் முக்கோணமா மடிச்ச சின்னத் துணி வச்சுத் தைப்பாங்க, அதுக்குப் பேரு பூலா.

நூல் ஒரு முழத்துக்கு மேல கோக்காத. ஒவ்வொரு தையலுக்கும் துணிக்குள்ள உரசி உரசி நூல் பிசிறு விட்டு வாலு பக்கம் அறுந்துரும். தேன்மெழுகுல ஒரு தடவ இழுத்துக்கிட்டா சிக்காது. மெழுகுவர்த்தி வேண்டாம், இஸ்திரி போட்டா எண்ணெய்க் கறை நிக்கும்.

கோமு அக்கா, 12:25
வீரவநல்லூர் செடிபுட்டா சேலையோட பிளவுஸ் துண்டு நாலு கிடக்கு. அதையும் ஒட்டுல போடலாமா?

மல்லிகா மைனி, 12:31
போர்வையில வேண்டாம்க்கா. அது ஆர்ட் சில்க்கும் காட்டனும் கலந்த நெசவு, வெட்டினா ஓரம் பிரிஞ்சுக்கிட்டே வரும், காட்டனோட சேந்து சுருங்கவும் செய்யாது. துவைக்காத சாமானுக்கு வச்சுக்கங்க, சுவர்ல மாட்டுதது, மெத்தை உறையோட நடுத்துண்டு. வெட்டுததுக்கு முன்னாடியே பின்பக்கம் இஸ்திரி வச்சா ஒட்டுத மெல்லிசு கேன்வாஸ் போட்டிருங்க. பெட்டி மிதமான சூடு, மேல ஒரு காட்டன் துணி விரிச்சுட்டு. புட்டா தலைகீழா வராம பாத்து வெட்டுங்க, எல்லாச் செடியும் ஒரே பக்கம் பாக்கணும்.

பாத்திமா அக்கா, 12:36
பத்தமடைப் பாய்த் துண்டுல பை தைக்கேன், ஓரம் துணி மடிச்சு. தையல் போட்ட இடத்துலயே கோரை பிளந்து வருது.

இசக்கி அண்ணாச்சி, 12:39
தையல் நெருக்கம். குத்துக்குக் குத்து ஒட்டி விழுந்தா கோரை கிழிஞ்சுதான் வரும். தையல் நீளம் 4 மில்லிமீட்டர் வைங்க. ஒரே கோட்டுல ரெண்டு தடவ ஓட்டாதீங்க, முன்னும் பின்னும் போடுததும் வேண்டாம், நூல முடிச்சுப் போட்டு விடுங்க. மடக்குத இடத்த மட்டும் ஈரத்துணியால ஒத்தி மெதுவா மடக்கினா ஒடியாது. ஓரத்துணி ரெண்டு பக்கமும் முக்கால் இஞ்சாவது ஏறணும்.

வள்ளி, 12:50
மைனி, நாளைக்கு டவுனுக்குப் போறேன். 60-க்கு 90-ன்னு வச்சு அடித்துணிக்கும் பைண்டிங்குக்கும் எத்தன மீட்டர்?

மல்லிகா மைனி, 1:04
அடித்துணி நாலு பக்கமும் 4 இஞ்ச் கூடுதல் வேணும், அப்ப 68-க்கு 98. 44 இஞ்ச் பன்னாவுல, அதாவது துணி அகலத்துல, ஓரக்கரை போக 42 தேறும். 98 இஞ்ச் நீளத்துல ரெண்டு துண்டு, மொத்தம் 196 இஞ்ச், 5 மீட்டர். சுருங்குததுக்குச் சேத்து 5¼ வாங்கு. குறுக்குவாட்டுல போட்டா மூணு துண்டு ஆகும், துணியும் கூடும், தையலும் ரெண்டு ஆகும்.

இல்லேன்னா வாங்கவே வேண்டாம். நல்ல காட்டன் சேலை 5½ மீட்டர், அதாவது 216 இஞ்ச். நடுவுல வெட்டினா 108 இஞ்ச் துண்டு ரெண்டு, பக்கவாட்டுல சேத்தா 85-க்கு மேல அகலம். தாராளமா போதும். முந்திப் பக்கம் மட்டும் நெசவு கனமா இருக்கான்னு பாத்துக்க.

பைண்டிங்: சுத்தளவு 300, மூலைக்கும் முடிக்குததுக்கும் 12, ஆக 312. 2½ இஞ்ச் அகலப் பட்டி 8, சாய்வா ஒட்டுததுல போறது போக 318 நிக்கும். 8 பட்டிக்கு 20 இஞ்ச் துணி, சுருங்குததோட 60 சென்டிமீட்டர் கேளு. நேர் ஓரத்துக்கு உரேப்புல, அதாவது இழைக்குச் சாய்வா, வெட்ட வேண்டியதில்ல. வளைவு இருந்தா மட்டும்தான் உரேப்பு.

வள்ளி, 1:06
மூலையில எப்படித் திருப்ப?

மல்லிகா மைனி, 1:11
மூலைக்கு 2 நூல் முன்னாடியே நிறுத்தி நூல வெட்டு. பட்டிய நேர் மேல மடக்கு, சாய்வா ஒரு கோடு விழும். அப்படியே கீழ மடக்கி ஓரத்தோட ஓரம் வச்சு, மேல் விளிம்புல இருந்து மறுபடி தைக்க ஆரம்பி. 2 நூல் தள்ளாம ஓரம் வரைக்கும் தைச்சுட்டா மடிப்பு திரும்பாது, மூலை மொழுக்கையா நிக்கும்.

இசக்கி அண்ணாச்சி, 1:15
டவுனுக்கு வரும்போது கத்திரியையும் கொண்டா தங்கச்சி, சாணை புடிச்சுத் தாரேன். அந்தக் கத்திரியால பேப்பர் பேட்டர்ன் வெட்டாத.