'உறைகுளிரியல்' அன்று, 'மீத்தட்பவியல்'

நண்பர்களுக்கு வணக்கம்.

மிகமிகத் தாழ்ந்த வெப்பநிலைகளை ஆராயும் துறையான கிரையோஜெனிக்ஸ் (cryogenics) என்பதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட 'உறைகுளிரியல்' என்ற சொல்லில் எனக்குத் தடையாக இருப்பது 'உறை'தான். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கென வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைத் திறக்கையில் பக்கத்தில் நின்றவர்களுக்கு என் தயக்கம் எளிதில் விளங்கும். வெண்புகை விளிம்பில் வழிந்து தரையை நோக்கி இறங்கும். உள்ளே மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் நைட்ரஜன் தெளிந்த நீர்போலத் தளும்பும். உறைந்திருப்பது குச்சிக்குள் இருக்கும் விந்து மட்டுமே என்பதால் அதை 'உறைவிந்து' என்பது மிகச் சரி. ராக்கெட் எஞ்சினிலோ மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரி ஆக்சிஜனும் நீர்மமாகவே பாய வேண்டும். உறைந்துவிட்டால் குழாயில் ஓடா.

கிரையோஜெனிக்ஸின் கிரேக்க மூலச்சொல் உறைபனியின் கடுங்குளிரைக் குறித்தது. பழந்தமிழில் 'பனித்தல்' என்றால் நடுங்குதல் என்பதால் நம் 'பனி' அதற்கு நெருங்கிய சொல்லே; ஆனால் இன்று அதைக் கேட்டால் மார்கழிப் புல்நுனிதான் நினைவுக்கு வருகிறது. 'கடுங்குளிர்' வானிலைச் செய்திக்குப் போய்விட்டது.

ஆகவே 'தண்' என்னும் வேருக்குப் போகிறேன். தண்ணிழல், தண்ணளி, தண்டமிழ் என அதன் பிள்ளைகள் எல்லாம் இதமானவை என்பதும், 'தண்ணீர்' தன் குளிர்ச்சியை அடியோடு மறந்ததால்தான் 'சுடுதண்ணீர்' என்று கூசாமல் சொல்கிறோம் என்பதும் உண்மையே. ஆனால் நுண் என்பதிலிருந்து நுட்பமும் திண் என்பதிலிருந்து திட்பமும் பிறந்ததுபோலத் தண் என்பதிலிருந்து பிறந்த 'தட்பம்', தட்பவெப்பநிலை என்ற சொல்லில் அந்த இதத்தை உதறிவிட்டு, வெப்பத்துக்கு எதிர்நிலையாக மட்டும் நிற்கிறது. அறிவியலுக்கு வேண்டியது அந்த வறட்சிதான்.

எனவே, மிகுதியைக் குறிக்கும் 'மீ' என்ற முன்னொட்டைச் சேர்த்து 'மீத்தட்பம்' என்கிறேன். துறை மீத்தட்பவியல், எஞ்சின் மீத்தட்ப எஞ்சின். இயற்பியலில் ஏற்கெனவே புழங்கும் 'மீக்கடத்தி'யோடு (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) இது இணைந்து நிற்கும். 1908இல் ஹீலியத்தை நீர்மமாக்கிய டச்சு இயற்பியலர் காமர்லிங் ஓன்னஸே 1911இல் பாதரசத்தில் மீக்கடத்தலையும் கண்டறிந்தார் என்பதால், இரண்டுக்கும் ஒரே முன்னொட்டு அமைவது பொருத்தமே. 'த்தட்' என்று நாக்கில் சற்று இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மைனஸ் 150 டிகிரிக்குக் கீழே மட்டும் இச்சொல்லை ஆளலாம். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஐஸ்கிரீம் கிடங்குக்கும் பழைய 'குளிர்' போதும்.